28-ஆம் நாள் நான்-ரியாக்டிவ்: இது முடிவா, பாதி வழியா?

கேள்விக்குறி77

ஒரே ரிப்போர்ட்டை மூன்று பேரிடம் காட்டினால் மூன்று பதில் வருகிறது. தொற்று வந்திருக்குமோ என்று பயப்பட வைத்த சம்பவம் மார்ச் 3. ரிப்போர்ட் மார்ச் 31, அதாவது 28-ஆம் நாள். எச்.ஐ.வி. நான்-ரியாக்டிவ், அதாவது தொற்றின் அடையாளம் அகப்படவில்லை. "முடிந்தது, போய்த் தூங்கு" என்கிறார் ஒருவர். 45 நாள் ஆகட்டும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் 3 மாதம் என்கிறார். பழைய கட்டுரைகளைப் புரட்டினால் 6 மாதம் என்று இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொல்லுங்கள். "பயப்படாதே" என்ற ஆறுதல் மட்டும் வேண்டாம்.

ஆய்வகவாசி

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு டெஸ்ட்டை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

வைரஸ் உள்ளே போன முதல் பத்து நாள் வாக்கில் அது எந்தக் கருவிக்கும் சிக்காது. பிறகு ரத்தத்தில் முதலில் தலைகாட்டுவது வைரஸின் ஆர்.என்.ஏ. சில நாள் கழித்து பி24 என்ற வைரஸ் புரதம். அதற்கும் பின்னால்தான் நம் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடி. டெஸ்ட் இதில் எதைத் தேடுகிறதோ அதற்கேற்ப நாள் மாறும்.

ஆர்.என்.ஏ.வைத் தேடும் நாட் டெஸ்ட் 10 முதல் 33 நாளில் காட்டும். கை நரம்பில் எடுத்த ரத்தத்தில் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி காம்போ, அதாவது நான்காம் தலைமுறை, 18 முதல் 45 நாள். அதே காம்போவை விரல் நுனி ரத்தத்தில் செய்தால் 18 முதல் 90. ஆன்டிபாடியை மட்டும் தேடும் கிட்டுகள், வாய்ச் சுரப்பில் பார்ப்பவை உட்பட, 23 முதல் 90. முதல் எண் சீக்கிரமே காட்டிவிடும் சிலருக்கானது. கடைசி எண்ணைத் தாண்டினால் ஏறக்குறைய யாரும் மிச்சமில்லை. 6 மாதம் என்பது ஆரம்பகால எலிசா டெஸ்ட்டுகளின் நினைவு. கட்டுரைகளிலிருந்து இன்னும் போகவில்லை.

அதனால் உங்கள் 28-ஆம் நாள் ரிப்போர்ட், நரம்பு ரத்தக் காம்போவாக இருந்தால், நல்ல செய்திதான். ஆனால் கடைசிச் செய்தி இல்லை. 45-ல் இன்னொரு முறை பார்த்துவிட்டால் கணக்கை மூடலாம்.

ஒன்றைச் சரிபாருங்கள்: ரிப்போர்ட்டில் டெஸ்ட்டின் பெயர் என்னவென்று போட்டிருக்கிறது? "எச்.ஐ.வி. 1 மற்றும் 2 ஆன்டிபாடி" என்று மட்டும் இருந்தால் அது மூன்றாம் தலைமுறை. அதற்கு 45 செல்லாது, 90 வரை போக வேண்டும். "பி24" அல்லது "ஆன்டிஜென்" என்ற சொல் எங்காவது இருக்க வேண்டும். "எலிசா" என்பது முறையின் பெயர், தலைமுறையின் பெயர் இல்லை. இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

பூவரசு

விரல் ரத்தமும் ரத்தம்தானே? அதற்கு மட்டும் ஏன் 90?

ஆய்வகவாசி

ஆய்வகத்தில் ரத்தத்தைச் சுழற்றி அணுக்களைப் பிரித்து, பிளாஸ்மாவையோ சீரத்தையோ மட்டும் இயந்திரத்தில் வைக்கிறோம். விரல் சொட்டில் கிட்டத்தட்ட பாதி சிவப்பணு. அதோடு விரலைப் பிழிந்தால் திசுநீரும் சேரும். கருவி பார்க்க வேண்டிய பி24 அந்தச் சின்னச் சொட்டில் நீர்த்துப்போகிறது. போதாததற்கு, ஆன்டிபாடி வர ஆரம்பித்ததும் அது பி24-ஐப் பிடித்து மூடிவிடுவதால் ஆன்டிஜென் கோடு தெரியும் காலமே குறுகியது. ஆன்டிபாடி முழுதாக ஏறும்வரை காத்திருப்பதுதான் அந்தக் கிட்டுக்குப் பத்திரம்.

இளவேனில்

ஆலோசனை மேசைக்கு வர்றவங்க கிட்ட நான் முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணு: நடுவுல பெப், அதாவது சம்பவத்துக்கு அப்புறம் தொற்று ஒட்டாம தடுக்க எடுக்குற மாத்திரை, எடுத்தீங்களா? எடுத்திருந்தா மேல சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. மருந்து வைரஸை அடக்கி வைக்கிறதால, தொற்று இருந்தா அது தெரியறது தள்ளிப் போகலாம். 28 நாள் கோர்ஸ் முடிஞ்ச தேதியில இருந்து 45 எண்ணுங்க. சம்பவத்துல இருந்து எண்ணினா சுமார் 73 நாள் ஆகும். 12 வாரத்துல பாக்கச் சொல்ற வழிகாட்டிகளும் உண்டு. ரெண்டுல தாமதமானதை எடுத்துக்கிட்டா தகராறே இல்ல.

இன்னொண்ணு, காய்ச்சல். தொற்றுன 2-ல இருந்து 4 வாரத்துக்குள்ள காய்ச்சல், தொண்டைவலி, உடம்புல தடிப்பு, நெறிகட்டுறது வரலாம். நிறைய பேருக்கு எதுவுமே வராது. சாதாரண வைரஸ் காய்ச்சலும் அச்சு அசலா அப்படித்தான் இருக்கும். அறிகுறி வச்சு "ஆமா"வும் சொல்ல முடியாது, "இல்ல"வும் சொல்ல முடியாது. சந்தேகம் பலமா இருந்தா அந்த நேரத்துல நாட் டெஸ்ட்டையும் சேத்துக் கேளுங்க.

கேள்விக்குறி77

பெப் எடுக்கவில்லை. ஆனால் அதையும் கேட்டுவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். 72 மணி நேரத்துக்குள் என்கிறார்களே, 60-ஆவது மணியில் போனால் பலன் உண்டா?

மாத்திரைச்சீட்டு

உண்டு, போகலாம். ஆனால் 72 என்பது கதவு சாத்தும் நேரம், டோக்கன் நேரம் இல்லை. நுழைந்த இடத்துத் திசுவில் இருக்கும் வைரஸ் சில நாட்களுக்குள் நெறிகளுக்குப் போய்விடுகிறது. அங்கே செல்லின் மரபணுவுக்குள் ஒட்டிக்கொண்டால் பெப் அதைப் பிடுங்க முடியாது. 2-ஆவது மணிக்கும் 60-ஆவது மணிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். எனவே முதல் மாத்திரை முதலில். ரத்த முடிவுகள் பிறகு வரட்டும். முடிவுக்காக மாத்திரையை நிறுத்திவைப்பது நான் பார்த்தவரை மிகச் சாதாரணமான தவறு.

வழக்கமான கூட்டு: டெனோஃபோவிர் 300 மி.கி., அதோடு லாமிவுடின் 300 அல்லது எம்ட்ரிசிட்டபின் 200, டோலுடெக்ராவிர் 50. ஒரே மாத்திரையாகவும் கிடைக்கும். நாளுக்கு ஒன்று, 28 நாள், நடுவில் நிறுத்தக் கூடாது. ஆரம்ப நாளிலேயே எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டுவது), தேவைப்பட்டால் கர்ப்பப் பரிசோதனை ஆகியவற்றுக்கு ரத்தம் கொடுத்துவிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி முக்கியம். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கும். அது இருப்பது தெரியாமல் 28-ஆம் நாள் மருந்தை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறிக்கொண்டு வரலாம்.

ஊசி குத்திய கேஸ் என்றால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். காயத்தைப் பிதுக்காதீர்கள். பிளீச்சிங் திரவம், ஸ்பிரிட் ஊற்றி எரிய விடாதீர்கள்.

பூவரசு

எல்லாச் சம்பவத்துக்கும் பெப் கேட்டு ஓட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எச்சில், காயமில்லாத தோல், கொசு, பாத்திரம், கழிப்பறை எதற்கும் தேவையில்லை. எதிராளி ஒழுங்காகச் சிகிச்சையில் இருந்து வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவில் இருந்தாலும் உடலுறவுக்குத் தேவையில்லை.

அளவு புரிய ஒரு கணக்கு. எதிராளிக்குத் தொற்று இருந்து, சிகிச்சையோ ஆணுறையோ இல்லை என்று வைத்துக்கொள்வோம். 10,000 முறைக்கு உத்தேசமாக: ஆசனவாய்ப் புணர்ச்சியில் ஏற்பவருக்கு 138, ஊசியைப் பகிர்ந்தால் 63, மருத்துவமனை ஊசி குத்தினால் 23, யோனிப் புணர்ச்சியில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. சராசரி என்பதை மறக்கக் கூடாது. பிறப்புறுப்பில் புண் இருந்தாலோ, எதிராளிக்குத் தொற்று புதிதாக வந்து வைரஸ் உச்சத்தில் இருந்தாலோ எண் ஏறும்.

நெட்டிலிங்கம்

குறுக்கே வருகிறேன். வீட்டில் செய்யும் கிட் வாங்கினேன். 'டி' கோடு, அதாவது முடிவைக் காட்டும் கோடு, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு மங்கல். நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆய்வகவாசி

கூடாது. குறித்த நேரத்துக்குள் தெரிந்த கோடு, எவ்வளவு மங்கலாக இருந்தாலும், ரியாக்டிவ்தான். கோட்டின் அடர்த்திக்குத் தனிப் பொருள் கிடையாது. "கொஞ்சம் பாசிட்டிவ்" என்று ஒன்று இல்லை.

ஆனால் முதலில் எத்தனையாவது நிமிடத்தில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கிட்டுக்கும் ஒரு நேரம் உண்டு: ஒன்றில் 15 முதல் 20 நிமிடம், வாய்ச் சுரப்பு வகையில் 20 முதல் 40 என்று உறைக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். அதைத் தாண்டினால் பட்டை காயும்போது நிழல்போல ஒரு கோடு எழும்பலாம். காலையில் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துக் கதறுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். முன்கூட்டிப் பார்த்தாலும் தப்பு. ரத்தம் இன்னும் பட்டையில் ஏறிக்கொண்டிருக்கும்.

வேறு எங்கே சறுக்குகிறது: குளிரிலிருந்து எடுத்த கிட்டை அறை வெப்பநிலைக்கு வரவிடாமல் பிரிப்பது. ஸ்பிரிட் காயும் முன் குத்துவது. முதல் சொட்டைத் துடைக்காமல் அதையே வைப்பது. ரத்தம் வரவில்லையென்று விரலை எலுமிச்சைபோலப் பிழிவது. அதற்குப் பதில் கையைத் தொங்கவிட்டு வெந்நீரில் சூடாக்கினால் தானே வரும். கரைசலை மாதிரிக் குழியில் விடாமல் கோடு தெரியும் ஜன்னலில் விடுவது. வாய் வகையில் பல் துலக்கிய கையோடு ஈறைத் தடவுவது.

'சி' கோடு, அதாவது கிட் வேலை செய்ததைக் காட்டும் கோடு, வரவில்லையா? அது நெகட்டிவ் இல்லை, செல்லாத டெஸ்ட். புது கிட்டில் திரும்பச் செய்ய வேண்டும். 'டி' மட்டும் வந்து 'சி' வராவிட்டாலும் அதே கதைதான்.

நெட்டிலிங்கம்

18-ஆவது நிமிடம் பார்த்தேன். அப்படியானால் உறுதியா? அதே கிட்டில் இன்னொன்று வாங்கிப் போட்டுப் பார்க்கவா?

ஆய்வகவாசி

உறுதி இல்லை. அதே கிட்டும் வேண்டாம். உங்கள் ரத்தத்தில் வேறு ஏதோ ஒரு ஆன்டிபாடி அந்தப் பட்டையில் ஒட்டிக் கோடு போட்டிருந்தால், இரண்டாவது பட்டையிலும் அதேபோல் ஒட்டும். தவறு இரண்டு முறை ஒரே பதிலைச் சொன்னால் உண்மை ஆகிவிடாது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு லட்சம் பேரில் 200 பேருக்குத் தொற்று. டெஸ்ட் அந்த 200 பேரையும் பிடிக்கிறது. தொற்றில்லாத ஆயிரம் பேரில் 2 பேரைத் தவறாகக் காட்டுகிறது. அபாரமான டெஸ்ட்தான். ஆனால் 99,800 பேரில் ஏறத்தாழ 200 பேர் பொய்யாக ரியாக்டிவ் ஆகிவிட்டார்கள். மொத்தம் 400 ரியாக்டிவில் பாதி பொய்! தொற்று அரிதாக உள்ள கூட்டத்தில் ஒரு டெஸ்ட்டை நம்ப முடியாததற்கு இதுதான் காரணம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2019 முதல், அடுத்தடுத்துச் செய்யும் மூன்று வெவ்வேறு டெஸ்ட்டும் ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ் என்று சொல்லச் சொல்கிறது. நேரே ஒரு பரிசோதனை மையத்துக்குப் போங்கள். வீட்டில் ரியாக்டிவ் வந்ததைச் சொல்லி, நரம்பு ரத்தம் கொடுங்கள். முடிவு வரும்வரை ரத்த தானம் வேண்டாம், ஆணுறை இல்லாமல் வேண்டாம்.

இளவேனில்

நெட்டிலிங்கம், ப்ரெப் மாத்திரையோ (தொற்று வராம இருக்க முன்கூட்டியே எடுக்கறது) எச்.ஐ.வி. மருந்தோ ஏற்கெனவே எடுத்துக்கிட்டு இருந்தா அதையும் அங்க சொல்லிடுங்க. மறைச்சா முடிவு குழம்பும். மருந்துல இருக்கறவங்களுக்கு ஆன்டிபாடி மெலிஞ்சு, சில கிட்டுல பொய் நெகட்டிவ் வரும்.

ஸ்டெத்_தாத்தா

உறுதியானால் என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன். தெரியாததால்தான் பலர் உறுதிசெய்யவே போவதில்லை.

மருந்தை அன்றே தொடங்கலாம். 7 நாளுக்குள் தொடங்குவது நல்லது. சி.டி.4 (எச்.ஐ.வி. தாக்கும் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) இறங்கட்டும் என்று காத்திருந்த காலம் 2015-ல் முடிந்தது. அந்த ஆண்டு வந்த ஸ்டார்ட் ஆய்வில், சி.டி.4 500-க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ வரும் வாய்ப்பு 57 சதவீதம் குறைந்தது. பெரும்பாலோருக்கு மாத்திரைச்சீட்டு சொன்ன அதே டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு. நாளுக்கு ஒன்று. சாப்பாட்டோடும் சாப்பிடலாம், சாப்பிடாமலும் சாப்பிடலாம்.

அவசரப்படக் கூடாத இடம் மூளை. விடாத தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், குழப்பம் இருந்தால் முதலில் மூளைச்சவ்வு பார்க்கப்பட வேண்டும். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வந்த மூளைக்காய்ச்சல் என்றால் பூஞ்சைச் சிகிச்சை தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்தே எச்.ஐ.வி. மருந்து. திடீரென எழுந்திருக்கும் எதிர்ப்புச் சக்தி மூளைக்குள் வீக்கத்தை உண்டாக்கி ஆளையே கொண்டுபோகும். நுரையீரல் காசநோய் என்றால் அதன் மருந்தைத் தொடங்கி 2 வாரத்துக்குள் இதையும் தொடங்கலாம். சி.டி.4 200-க்குக் கீழ் என்றால் மற்ற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் சேரும். தலைவலி இல்லாவிட்டாலும் கிரிப்டோகாக்கஸுக்கு ரத்தம் பார்க்க வேண்டும்.

முதல் சில வாரத்தில் காய்ச்சல், நெறிகட்டுதல் வந்தால் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஒளிந்திருந்த தொற்றை உடம்பு அப்போதுதான் அடையாளம் கண்டு சண்டை போடுகிறது. வந்து காட்டுங்கள்.

வைரல் லோட் 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மில்லிலிட்டருக்கு 1,000-க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்றுவதில்லை. மாத்திரை எங்கே தவறுகிறது என்று பேசி, 3 மாதத்தில் திரும்பப் பார்ப்போம்.

பூவரசு

ஐயா, "20-க்குக் கீழ்" என்று வந்த ரிப்போர்ட்டுக்கும் "டார்கெட் நாட் டிடெக்டட்" என்று வந்ததற்கும் என்ன வித்தியாசம்? போன முறை இரண்டாவது வந்து இந்த முறை 70 வந்தால் மருந்து தோற்றுவிட்டதா?

ஸ்டெத்_தாத்தா

முதலாவது, இருப்பது தெரிகிறது, எண்ண முடியாத அளவு சொற்பம். இரண்டாவது, அந்த மாதிரியில் அகப்படவே இல்லை. நடைமுறையில் இரண்டும் ஒன்றே. 70 என்பது பெரும்பாலும் ஒரு சிறு துள்ளல். அடுத்த முறை தானே இறங்கிவிடும். வைரல் லோட் கருவியிலேயே மூன்று மடங்குவரை ஏற்ற இறக்கம் சகஜம். இரண்டு முறை தொடர்ந்து 200-ஐத் தாண்டினால்தான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன்.

பரவுவது பற்றி: 2019-ல் வெளிவந்த பார்ட்னர் 2 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்து சிகிச்சையால் அவருடைய வைரல் லோட் 200-க்குக் கீழ் இருந்த ஆண் இணையர்கள். ஆணுறை இல்லாத சுமார் 76,000 உறவுகள். அவர்களுக்குள் பரவிய தொற்று பூஜ்யம். இது உடலுறவுக்கான விடை. தாய்ப்பால், ஊசி பகிர்தலுக்கு இதே பூஜ்யத்தை நீட்டக் கூடாது. அங்கே அபாயம் வெகுவாகக் குறையும், அவ்வளவே.

நெட்டிலிங்கம்

கண்டறிய முடியாத அளவுக்குப் போனபின் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தால்?

ஸ்டெத்_தாத்தா

பார்த்திருக்கிறார்கள். ஸ்மார்ட் என்ற ஆய்வில், சி.டி.4 நன்றாக இருக்கும்போது நிறுத்தி, இறங்கியபின் தொடங்கினார்கள். அப்படிச் செய்தவர்களுக்கு நோயும் மரணமும் கூடியதால் 2006-ல் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். தூங்கும் சி.டி.4 செல்களின் மரபணுவுக்குள் வைரஸ் படுத்திருக்கிறது. மருந்து ஓடும் வைரஸைத்தான் பிடிக்கும், படுத்திருப்பதை இல்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்தில் திரும்ப எழுந்துவிடும். ஆன்டிபாடி டெஸ்ட்டும் பாசிட்டிவாகவே இருக்கும். அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது காசுக்குக் கேடு.

மாத்திரைச்சீட்டு

ஒழுங்காகச் சாப்பிட்டும் வைரல் லோட் இறங்காதவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கூட என்ன சாப்பிடுகிறீர்கள்?" டோலுடெக்ராவிர் உலோகத்தைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொண்டு குடலிலேயே தங்கிவிடும், ரத்தத்தில் ஏறாது. மக்னீசியம், அலுமினியம் உள்ள நெஞ்செரிச்சல் மருந்து குடிப்பதென்றால் டோலுடெக்ராவிரை 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ வைக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே கணக்கு. ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு என்றால் இவை இரண்டையும் டோலுடெக்ராவிரோடு சேர்த்தே போடலாம். நெஞ்செரிச்சல் மருந்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிர் 50 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு இரண்டு. ரிஃபாம்பிசின் முடிந்தும் 2 வாரம் அப்படியே தொடரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு நாளுக்கு மொத்தம் 1,000 மி.கி.க்குள் நிறுத்துவது வழக்கம், ஏனென்றால் ரத்தத்தில் அது கூடிவிடும். வலிப்புக்கு கார்பமசெபின், ஃபெனிட்டாயின் சாப்பிட்டால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதல் மாதத்தில் கிரியாட்டினின் 0.1 அல்லது 0.2 ஏறி அங்கேயே நின்றுவிடும். டோலுடெக்ராவிர் கிரியாட்டினின் வெளியேறும் வழியை மட்டும் அடைக்கிறது, சிறுநீரகம் கெடுவதில்லை. நின்றபின்னும் மேலே மேலே போனால் டெனோஃபோவிரைச் சந்தேகப்பட வேண்டும். தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலைக்கு மாற்றுங்கள். ஒருவேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் ஒன்று போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

இளவேனில்

ப்ரெப் பத்தியும் ரெண்டு வரி. டெனோஃபோவிர்-எம்ட்ரிசிட்டபின் தினமும் ஒண்ணு. ஆசனவாய்த் திசுவுல முழுப் பாதுகாப்புக்கு 7 நாள், யோனித் திசுவுல சுமார் 21 நாள். ஆண்களுக்கு, பெண் ஹார்மோன் எடுக்காதவங்களா இருந்தா, 2-1-1 முறையும் இருக்கு: உறவுக்கு 2-ல இருந்து 24 மணி நேரம் முன்ன ரெண்டு, அந்த முதல் ரெண்டைப் போட்ட நேரத்துல இருந்து 24 மணியிலயும் 48 மணியிலயும் ஒவ்வொண்ணு. பெண்களுக்கு இந்த முறை இல்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை காபோடெக்ராவிர் ஊசி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை லெனகாபாவிர் ஊசின்னும் வந்திருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்ன எச்.ஐ.வி. டெஸ்ட் கட்டாயம். மாத்திரைன்னா பிறகு 3 மாசத்துக்கு ஒரு தடவை. ஏற்கெனவே தொற்று இருக்கறது தெரியாம ரெண்டே மருந்துல ஓட்டினா வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிடும்.

கர்ப்பிணிங்க கேப்பாங்க: சிகிச்சையே இல்லன்னா குழந்தைக்குப் போற வாய்ப்பு 15-ல இருந்து 45 சதவீதம், சிகிச்சை இருந்தா 5-க்குக் கீழ. குழந்தைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் பண்ணிப் பயந்துடாதீங்க, 18 மாசம் வரைக்கும் அம்மாவோட ஆன்டிபாடி அதுல தெரியலாம். வைரஸையே தேடுற பி.சி.ஆர். டெஸ்ட் தான் பாக்கணும், முதல் தடவை 4-ல இருந்து 6 வாரத்துல.

கேள்விக்குறி77

ஆய்வகவாசி, ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "ஆன்டிஜென்-ஆன்டிபாடி காம்போ, சீரம்" என்று இருக்கிறது. மேலே வலது மூலையில் மார்ச் 31. ஆனால் கீழே "மாதிரி பெறப்பட்டது" என்ற இடத்தில் மார்ச் 29 இருக்கிறதே?

ஆய்வகவாசி

31 அச்சடித்த தேதி. ரத்தம் வெளியே வந்த நாள்தான் கணக்கு. சம்பவ நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால் அது 28 இல்லை, 26-ஆம் நாள் ரிப்போர்ட். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் 45-ல் இதே குழப்பம் வந்தால் திரும்பவும் போக வேண்டியிருக்கும். உங்களுடைய 45-ஆம் நாள் ஏப்ரல் 17. அன்றோ அதற்குப் பிறகோ, அதே காம்போ, நரம்பு ரத்தம். நடுவில் புதிதாகச் சம்பவம் ஏதாவது நடந்தால் எண்ணிக்கை அங்கிருந்து மறுபடி பூஜ்யம்.

கேள்விக்குறி77

குறித்துக்கொண்டேன். ஏப்ரல் 17.